அழையா விளம்பரமும் ஆஸ்ரவ தத்துவமும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், நெல்லும் மணிலாவும் விளையும் கொல்லைகளுக்கு நடுவே அமைந்த மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர் தமிழ்நாட்டுச் சமணர்களுக்கு இன்றளவும் தலைமைப் பீடமாக விளங்கிவருவதை அறிந்தோர், அவ்வூரின் பெயரைச் சொல்லித் தொடங்கும் ஒரு கட்டுரை வீட்டுக் கணினியில் அழையாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் விளம்பர நிரல்களைப் பற்றிப் பேசப் புகுவதைக் கண்டு வியப்படையக்கூடும். ஆயினும், நாம் விரும்பாத ஒன்று நம் இடத்துக்குள் எவ்வாறு புகுந்தது, புகுந்தது எதனால் நிலைத்தது, அதற்குக் குற்றவாளி யார், அதனை அகற்றுவது எங்ஙனம், அகற்றியபின் மீண்டும் வாராமல் காப்பது எங்ஙனம் என்னும் ஐந்து வினாக்களையும் ஒரு சாஸ்திரமாகவே வகுத்து, நூற்றாண்டு நூற்றாண்டாக ஆராய்ந்துவந்த சமயம் ஒன்று இந்நாட்டில் உண்டென்றால், அது ஜைன சமயமே ஆகும். கணினிக்காக எழுந்த ஆராய்ச்சியன்று அது, ஆன்மாவுக்காக எழுந்தது. எனினும், நம் காலத்துச் சிறு தொல்லை ஒன்றினை அந்தப் பழைய விளக்கின் ஒளியில் வைத்துப் பார்க்கும்போது, தொல்லையைப் பற்றியும் தெளிவு பிறக்கிறது. விளக்கைப் பற்றியும் மதிப்பு உயர்கிறது.

மேல்சித்தாமூரில் உள்ள ஜினகாஞ்சி மடம், ஜினகாஞ்சி என்று வழங்கிய, காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தின் பழம்பெருமையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது. அதன் தலைவர்கள் லக்ஷ்மீசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரை வழிவழியாகப் பூண்டு, விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களில் பரவி வாழும் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்களுக்கு ஞானாசிரியர்களாக இருந்துவருகின்றனர். ஊரில் பார்சுவநாதருக்குப் பெருங்கோயில் ஒன்று உண்டு. அதனினும் பழமையான மற்றொரு கோயிலில், ஒரு பெரும்பாறையின் முகத்திலே தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் அம்பிகா யக்ஷியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றனர். இம்மடத்தைச் சார்ந்த குடும்பங்களில் பலவும் தலைமுறை தலைமுறையாக உழவை நம்பி வாழ்ந்தவை. பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்வதும், குடிநீரைத் துணியிட்டு வடிகட்டிய பின்னரே அருந்துவதும் இவர்களுடைய இல்லங்களில் பாட்டிமார் கைவழியாக வந்த ஒழுக்கங்கள். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், இந்த வட்டாரத்தின் எச்சமயத்து வீட்டிலும் கணினி என்பது அரும்பொருளாக இல்லை. மகன் படிப்புக்கென வந்தது, பின்னர் தகப்பனார் பட்டா விவரம் பார்ப்பதற்கும், தாயார் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் பொதுவாகி, வீட்டின் உடைமையாகவே அமைந்துவிட்டது.

அத்தகைய கணினிக்குள் விளம்பர நிரல் புகும் விதத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். ஆட்வேர் என்று கணினிக் கடைக்காரர்கள் வழங்கும் இந்நிரல், பெரும்பாலும் தனியாக வருவதில்லை. நாம் விரும்பிய ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டே வருகிறது. ஒருவர் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கோ, ஒரு பாட்டைக் கேட்பதற்கோ ஒரு சிறு மென்பொருளைத் தேடுகிறார். தேடிச் சென்ற பக்கத்தில் ‘டவுன்லோட்’ என்று எழுதிய பச்சைப் பொத்தான்கள் நான்கைந்து கண்ணைப் பறிக்கின்றன. அவற்றுள் உண்மையானது பெரும்பாலும் மிகச் சிறியதாய், வெறும் நீல எழுத்தாய் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். எதையோ அமுக்கிக் கோப்பை இறக்கியாயிற்று. நிறுவும் பலகணி திறக்கிறது. ‘எக்ஸ்பிரஸ்’ என்றும் ‘கஸ்டம்’ என்றும் இரண்டு வழிகள். முன்னதன் அருகே ‘பரிந்துரைக்கப்படுவது’ என்றொரு சொல். ‘நெக்ஸ்ட்’ என்பதை அமுக்க, அடுத்த பலகணியின் அடியில், மங்கிய சாம்பல் நிற எழுத்தில், இன்ன தேடுபொறியை முகப்புப் பக்கமாக வைத்துக்கொள்ளவும் இன்ன கருவிப்பட்டையைச் சேர்த்துக்கொள்ளவும் சம்மதிக்கிறேன் என்ற வாசகம். அதன் முன்னுள்ள கட்டத்தில் டிக் முன்கூட்டியே இடப்பட்டிருக்கிறது. மீண்டும் ‘நெக்ஸ்ட்’. மறுநாள் காலை உலாவியைத் திறந்தால், முன்பின் அறியாத ஒரு முகப்பு; திரையின் வலது மூலையில் சூதாட்ட அழைப்பு; அதனை மூடுவதற்குள் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்’ என்னும் சிவப்பு எச்சரிக்கை. வீட்டுக்காரர் மனமறிந்து சொல்கிறார்: “நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகவே வந்துவிட்டது!”

அவர் பொய் சொல்லவில்லை. தாம் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை என்பது உண்மை. ஆனால், செய்ததாகத் தோன்றாத செயலுக்கும் செயல் என்ற பெயர் உண்டா என்பதே இங்கு எழும் தத்துவ வினா. விதியென்று விடுவோர் சிலர். பொல்லாதார் செய்கையென்று தள்ளுவோர் சிலர். இறைவன் திருவுளம் என்று ஆறுதல் கொள்வோர் சிலர். ஜைன தரிசனமோ இம்மூன்றையும் எளிதில் ஏற்பதில்லை. உலகைப் படைத்துக் காத்துப் பயன் வழங்கும் ஓர் ஈசுவரனை அது ஒப்புக்கொள்வதில்லையாதலின், வந்ததற்குக் காரணம் சொல்லவும் வந்ததை நீக்கித் தரவும் அங்கு வேறொருவர் இல்லை. ஜினர் வழிகாட்டுவார், நடக்க வேண்டியவன் நீயே என்பதுதான் அச்சமயத்தின் கண்டிப்பான நிலை.

பொருள்களை ஒன்பதாக வகுத்துக் கூறுவது சமண மரபு: உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என்பன அவை. இவற்றுள் ஊற்று என்பது வினை உயிரை நோக்கிப் பாய்ந்து வருதலாகிய ஆஸ்ரவம். கட்டு என்பது வந்த வினை உயிரோடு பிணைந்து நிற்றலாகிய பந்தம். செறிப்பு, வருகின்ற வழியை அடைக்கும் ஸம்வரம். உதிர்ப்பு, முன்னே சேர்ந்ததைக் கழிக்கும் நிர்ஜரை. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு மரபுவழித் தொடர்பு கூறப்படும் குந்தகுந்தாசாரியர் தம் பஞ்சாஸ்திகாயத்தில் இவற்றை விளக்கியுள்ளார். அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1920ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டு, தமிழ்ச் சமணரின் சிந்தனைச் செல்வத்தை உலகறியச் செய்தார். வினை என்பதைப் பிற தரிசனங்கள் ஒரு நியதியாகவோ, ஒரு சம்ஸ்காரமாகவோ, காணாத ஒரு சக்தியாகவோ கொள்ள, ஜைனர் மட்டும் அதனை நுண்ணிய பருப்பொருளாக, அதாவது புத்கலமாகவே கொண்டனர் என்பது இங்கு நினைவில் நிறுத்தற்குரியது. வினை வருகிறது, ஒட்டுகிறது, குறிப்பிட்ட காலம் தங்குகிறது, தனக்குரிய பயனைக் காட்டுகிறது, உதிர்கிறது என்று அவர்கள் கூறும்போது அணியாகக் கூறவில்லை, உள்ளபடியே கூறுகின்றனர். ஆகவே, ஓர் அயல்பொருள் வந்து ஒட்டுதல் என்னும் நிகழ்ச்சியை இவ்வளவு நுட்பமாகப் பகுத்துப் பார்த்தவர் வேறிலர்.

வினை வருவதற்கு வாயில் எது? மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் அசைவே வாயில் என்றும், அவ்வசைவுக்கு யோகம் என்று பெயர் என்றும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. விரல் ஒன்று அசைந்து ஒரு பொத்தானை அமுக்குவதும் மெய்யின் அசைவுதான். அதற்கு முன்னால் ‘சரி, ஆகட்டும்’ என்று உள்ளம் சாய்வதும் மனத்தின் அசைவுதான். ஒன்றும் செய்யவில்லை என்று சொன்ன வீட்டுக்காரர், உண்மையில் ஐந்தாறு முறை சம்மதம் தந்திருக்கிறார். அதைச் சம்மதமென்று அறியாமல் தந்தார் என்பதே வேறுபாடு.

ஆனால், வந்த யாவும் ஒட்டுவதில்லை. ஒட்டுவதற்குப் பசை வேண்டும். அப்பசை கஷாயம் எனப்படும் வெகுளி, செருக்கு, வஞ்சனை, வேட்கை என்னும் நான்கு. கஷாயம் அற்றவனிடத்தில் வினை வந்த கணமே நீங்கிப்போம் என்றும், கஷாயம் உடையவனிடத்திலேயே அது தங்கிப் பிறவியை நீட்டும் என்றும் அச்சூத்திரம் இருவகை ஊற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே விளம்பரம் இருவர் கண்ணில் படுகிறது. ஒருவர் பார்த்துவிட்டுத் தாம் வந்த வேலையைத் தொடர்கிறார். மற்றொருவர், பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருள் இனாமாகக் கிடைக்கிறதே என்று நாவூறி அதனைப் பற்றுகிறார். முன்னவருக்கு அது வழிப்போக்கு. பின்னவருக்கு அது குடியேற்றம். விளம்பர நிரல்களில் மிகப் பலவும் இனாம் என்னும் வாயிலில்தான் நுழைகின்றன என்பதைக் கணினி பழுது பார்க்கும் எவரும் அறிவர். வேட்கை என்பது பெரும் பொருளாசையாக இருக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் மிச்சம் என்னும் சிற்றாசையே போதுமானது.

பந்தத்துக்கு ஐந்து காரணங்களை வரிசைப்படுத்துகிறார் உமாஸ்வாதி: மித்யாதர்சனம் என்னும் பொய்க்காட்சி, அவிரதி என்னும் விரதமின்மை, ப்ரமாதம் என்னும் அசட்டை, கஷாயம், யோகம். பொய்க்காட்சியை முதலில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் உரைகல்லே பொய்த்துப்போகுமாயின், அதன்பின் செய்யும் எச்சரிக்கையெல்லாம் பயனற்றதாகிவிடும். கணினி உலகில் இதற்கு ஒரு நிகழ்ச்சி சாட்சியாக நிற்கிறது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில், லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் விற்பனைக்கு முன்பே சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர நிரலை ஏற்றி அனுப்பியிருந்தமை வெளிப்பட்டது. அந்நிரல் தேடும் பக்கங்களின் நடுவே தன் விளம்பரங்களைச் செருகியதோடு அமையவில்லை. வங்கி முதலிய இடங்கள் தாம் உண்மையானவை என்பதைக் காட்டும் நம்பிக்கைச் சான்றிதழ்களை வழங்கும் தகுதியையும் தனக்குத்தானே சூட்டிக்கொண்டு, கணினியின் ஆணிவேரில் ஒரு மூலச் சான்றிதழைப் பதித்துவிட்டது. அச்சான்றிதழின் இரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்ததால், அதைக் கண்டெடுத்த எவனும் போலி வங்கிப் பக்கம் ஒன்றினை மெய்யான பக்கமாகக் காட்ட இயலும் நிலை உண்டாயிற்று. பூட்டுக் குறி இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்று நம்பிய பயனருக்கு அந்தப் பூட்டே பொய்யாயிற்று. அந்நிறுவனம் அதனை ஏற்றுவதை நிறுத்தி, நீக்கும் கருவியையும் வெளியிட்டது. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு உடன்பாடும் செய்துகொண்டது. வாங்கியவர் இங்கே எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறக்கும்போதே உடன்வந்த வினை என்று சமணர் கூறுவது எதனை என்பதை இந்நிகழ்ச்சி ஒருவாறு உணர்த்துகிறது.

வினைகள் எட்டு வகையென்றும், அவற்றுள் முதலாவது ஞானத்தை மறைக்கும் ஞானாவரணீயம் என்றும் கூறுவர். 2017 ஜூனில் செக் பாயின்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் என்று பெயரிட்டு அறிவித்த விளம்பர நிரல் இம்மறைப்பையே தொழிலாகக் கொண்டது. பெய்ஜிங்கைச் சார்ந்த ராஃபோடெக் என்னும் விளம்பர நிறுவனத்தின் இலவச மென்பொருள்களோடு கூடி வந்த அது, உலாவியின் முகப்பையும் தேடுபொறியையும் மாற்றிப் போலித் தேடல் பக்கங்களை அங்கு அமர்த்தியது. உலகில் 25 கோடிக் கணினிகளும், அவற்றுள் இந்தியாவில் மட்டும் சுமார் 2.53 கோடியும் இதற்கு ஆட்பட்டதாகச் செக் பாயின்ட் மதிப்பிட்டது. இத்தொகை மிகையானது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. தொகை எதுவாயினும், அந்நிரல் செய்த கேட்டின் இயல்பு ஒன்றே: ஒருவன் அறியவேண்டி வினவுகிறான், அவன் வினவியதற்கு விடை வருவதற்குப் பதிலாக, எவனோ விற்க விரும்புவது விடையின் வேடம் பூண்டு வருகிறது. பொருள் நட்டத்தினும் இது பெரிய நட்டமாகும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதனைப் புறக்கணித்துச் செல்வது நேர்மையாகாது. நாற்பது பக்க நிபந்தனைகளை ஆங்கிலத்தில், அதிலும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் எழுதிவைத்து, அடியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தானை வைத்தால், அதனை எந்தக் குடியானவர் படிப்பார்? எந்தப் பட்டதாரிதான் படிப்பார்? படியாமல் அமுக்கியவரை அசட்டைக்காரர் என்று கண்டிப்பது, ஏமாந்தவரையே தண்டிக்கும் கொடுமையன்றோ? இவ்வாதத்தில் நியாயம் உண்டு. சமண சித்தாந்தமும் இதனை அறியாததன்று. ஒரே செயலால் எல்லோருக்கும் ஒரே அளவில் வினை சேர்வதில்லை. உணர்ச்சியின் கடுமை, மென்மை, அறிந்து செய்தமை, அறியாமற் செய்தமை, பற்றிய கருவி, செய்தவனின் ஆற்றல் ஆகியவற்றுக்கு ஏற்ப ஊற்று வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரமே கூறுகிறது. அறியாமல் அமுக்கியவனுக்கு வருவது மெல்லிய வினை. அவன் அறியாதிருக்க வேண்டுமென்றே சாம்பல் எழுத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்கு வருவது வலிய வினை.

இவ்விடத்தில்தான் கணினியின் கதையும் வினையின் கதையும் பிரிகின்றன. வினைக்கு அனுப்புநர் இல்லை. வெளியெங்கும் நிறைந்துள்ள புத்கலம், அழைக்கும் உயிரை நோக்கி வருகிறது, அவ்வளவே. விளம்பர நிரலுக்கோ அனுப்புநர் உண்டு. அவருக்கு ஒவ்வொரு கணினியில் ஏறுவதற்கும் இவ்வளவென்று கூலியும் உண்டு. எழுதியவர் ஒருவர், பிறிதொன்றோடு சேர்த்துக் கட்டியவர் ஒருவர், பரப்பியவர் ஒருவர், விளம்பரம் தந்தவர் ஒருவர். ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதென்று காட்டி விலகிக்கொள்கின்றனர். சமணரின் கணக்கு இந்த விலகலுக்கு இடம் தருவதில்லை. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், செய்யத் தொடங்குதல் என்னும் மூன்றையும், மனம் மொழி மெய் என்னும் மூன்றையும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும், நான்கு கஷாயங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, 108 வகையாக அவர்கள் வினைக்கு ஆதாரம் காட்டினர். உடன்பட்டு வாளாவிருந்து ஊதியம் பெற்றவனும் அக்கணக்கில் ஓர் எண்ணாகவே நிற்கிறான். வஞ்சனையை விலங்குப் பிறவிக்கு வித்தென்றும், திருடிய பொருளை வாங்குதலையும் போலிச் சரக்கால் வாணிகம் செய்தலையும் கள்ளாமை விரதத்தின் மீறல்களென்றும் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை, போலி ‘டவுன்லோட்’ பொத்தான் வைத்தவரும் கேட்க வேண்டும். பூட்டுடைத்த ‘கிராக்’ மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கிவந்து ஏற்றிக்கொண்டவரும் கேட்க வேண்டும். திருட்டுச் சரக்கின் மூட்டைக்குள்ளேயே பெரும்பாலும் விளம்பர நிரலும் அதனினும் கொடியனவும் ஒளிந்து வருகின்றன.

அரசின் சட்டமும் தன் நடையில் இதே முடிவை நோக்கி வந்திருப்பது கருதத்தக்கது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், பயனரை மயக்கி அவர் விரும்பாததைச் செய்விக்கும் 13 தந்திரங்களைப் பெயரிட்டுத் தடுக்கின்றன. வேடமிட்ட விளம்பரம், குழப்பும் வினா, ஓயாத நச்சரிப்பு, வைரஸ் என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் பொய் நிரல் ஆகியன அவற்றுள் அடங்கும். அதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் விவரங்களைப் பிறர் கையாளத் தரும் சம்மதம் தடையற்றதாகவும், குறிப்பானதாகவும், அறிந்து தந்ததாகவும் இருக்க வேண்டுமென்றும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது தந்ததைப் போன்றே எளிதாயிருக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆயினும் சட்டம் குற்றத்தின் பின்னே வருவது; குற்றவாளி கடல் கடந்திருந்தால் மிகத் தாமதித்து வருவது. ஆகையால், அனுப்பியவனே பெரிய குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதனால், பெற்றவனின் கடமை முடிந்துவிடுவதில்லை. குற்றத்தின் பங்கு வேறு, காக்கும் பொறுப்பு வேறு. முன்னதில் நமக்குச் சிறுபங்கே உண்டு, பின்னதில் முழுப்பங்கும் நம்முடையதே.

அப்பொறுப்பின் பெயர்தான் செறிப்பு. இருட்டில் உண்ணாமைக்குச் சமண நூல்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, உண்கலத்தில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது என்பது. நீரை வடிகட்டுவதற்கும் அதுவே காரணம். உள்ளே போவதை முதலில் பார், பார்த்த பின் ஏற்றுக்கொள் என்னும் ஒரே விதியைத்தான் மேல்சித்தாமூர் வட்டாரத்துப் பாட்டிமார் விளக்கேற்றும் வேளையிலும் குடத்தடியிலும் கடைப்பிடித்து வந்தனர். அவ்விதியைக் கணினிக்கு மாற்றிக்கொள்வதில் அருமை ஒன்றுமில்லை. வேண்டிய மென்பொருளை அதனைச் செய்தவரின் சொந்த இடத்திலிருந்தே இறக்குதல். ‘எக்ஸ்பிரஸ்’ வழியை விடுத்துக் ‘கஸ்டம்’ வழியைத் தேர்தல். ஒவ்வொரு பலகணியிலும் முன்கூட்டி இட்ட டிக் இருப்பின் அதனை எடுத்தல். அறிவிப்பு அனுப்பலாமா என்று ஓர் இணையப் பக்கம் கேட்டால் மறுத்தல். அன்றாடப் பயனுக்கு நிர்வாகி அதிகாரமில்லாத ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுதல். இவை இல்லறத்தான் மேற்கொள்ளக்கூடிய சிறு விரதங்கள். ஸமந்தபத்திரரின் வழிநின்று இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் கூறும் அருங்கலச்செப்பு, பயனின்றித் தீங்கு விளைக்கும் செயலை விடுதலையும் நுகர்பொருள்களுக்கு எல்லை வகுத்தலையும் விரதங்களாக எண்ணுகிறது. பயன்படாத நிரல்கள் முப்பதைச் சேர்த்துவைத்திருப்பவர் அவ்வெல்லையைக் கணினியிலும் வகுத்துக்கொண்டால், காவல் புரிய வேண்டிய வாயில்களும் குறையும்.

முன்பே வந்து சேர்ந்ததற்கு உதிர்ப்பு வேண்டும். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியில் நிறுவப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்து தேதிவாரியாக நோக்கினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்த அயலார் பெயர்கள் தாமே வெளிப்படும். அவற்றை நீக்க வேண்டும். அடுத்து உலாவியின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் நாம் வைக்காதவற்றை அகற்றி, அறிவிப்புக்கு அனுமதி பெற்ற தளங்களின் அனுமதியை ரத்து செய்து, முகப்பையும் தேடுபொறியையும் பழையபடி அமைக்க வேண்டும். பின்னர் இணைப்பை மீட்டு, இதற்கென்றே அமைந்த ஆட்வ்கிளீனர் போன்ற இலவசக் கருவி ஒன்றால் சோதிக்கலாம்; மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் தீநிரல் நீக்கும் கருவிகளை விலையின்றித் தருகிறது. சிவப்பு எச்சரிக்கையில் காணும் தொலைபேசி எண்ணை மட்டும் எக்காரணத்தாலும் அழைக்கலாகாது. நோயை வைத்தவனே மருத்துவன் வேடத்தில் அங்கு அமர்ந்திருக்கிறான்.

உதிர்ப்பும் இருவகைப்படும் என்பர். வினை தன் காலம் முடிந்து பயனைத் தந்து தானே கழிவது ஒன்று. தவத்தால் காலத்துக்கு முன்னரே கழிப்பது மற்றொன்று. முன்னது எல்லா உயிர்க்கும் இடையறாது நிகழ்வது. ஆனால் கழியக் கழியப் புதியது சேர்ந்துகொண்டே இருப்பதால் அதனால் விடுதலை இல்லை. ஆண்டுக்கு இருமுறை கணினியைக் கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்துகொண்டு வந்து, அன்று மாலையே அதே பச்சைப் பொத்தானை அமுக்குவோர் இம்முதல் வகையினர். செறிப்பில்லாத உதிர்ப்பு வீண் என்னும் சித்தாந்தம் இதைவிடத் தெளிவாக விளங்க வேறிடம் இல்லை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறையின் அண்மையில், சந்திரநந்தி என்னும் ஆசாரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டு ஒன்று உண்டு. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரர் என்பாரைப் பற்றிய கல்வெட்டும் அங்கு உண்டு. வாழ்நாள் முழுதும் வாயிலைக் காத்தவர்க்கே இறுதியில் அத்தவம் கைகூடியது. ஒருநாள் வைராக்கியத்தால் எய்தியதன்று அது.

மற்றொரு நுட்பமும் உண்டு. சில விளம்பர நிரல்கள் நீக்கிய பின்னும் மறுநாள் உயிர்பெற்று எழும். கணினியின் திட்டமிட்ட பணிகளின் பட்டியலில், ‘இன்ன நேரத்தில் என்னை மீண்டும் நிறுவு’ என்னும் ஒருவரிக் கட்டளையை அவை மறைத்துவைத்திருப்பதே காரணம். அவ்வொரு வரியைக் களையும்வரை வெளியே செய்த துப்புரவெல்லாம் பலிப்பதில்லை. மேல்சித்தாமூர்ப் பாறையில் நிற்கும் பாகுபலியின் வரலாறும் இதனையே கூறுகிறது. உடலெங்கும் கொடி படர, காலடியில் புற்றெழ, அசையாது தவம் நின்ற அப்பெருமானுக்கு, தமையன் பரதனுக்கு உரிய மண்ணில் நிற்கிறோமே என்னும் சிறு உறுத்தல் ஒன்று உள்ளே எஞ்சியிருந்தமையால், முற்றறிவாகிய கேவலஞானம் தடைப்பட்டு நின்றது என்று புராணம் கூறும். வெளியே படர்ந்த கொடிகள் தடையாகவில்லை. உள்ளே கிடந்த ஒரு முள்ளே தடையாயிற்று. கணினியில் அந்த முள்ளைத் தேடிக் களைய நிபுணர் ஒருவரின் உதவி கிடைக்கும். இனாமென்றால் கைநீளும் நம் வழக்கத்தைக் களைய எவருடைய உதவியும் கிடையாது.

விளம்பரம் யாவுமே தீதென்று இதனாற் கொள்ளற்க. ஒரு பொருளைப் பல நோக்கில் காண்பதே அனேகாந்தம். ஒரு நோக்கில் விளம்பரம் பத்திரிகையையும் இலவச மென்பொருளையும் வாழவைக்கிறது, மற்றொரு நோக்கில் அதுவே நம் கவனத்தைக் களவாடுகிறது. நேர்மையான விளம்பரம் எது, களவு எது என்று பிரிக்கும் எல்லைக்கோடு, அறிந்து தந்த இசைவும், வேண்டாதபோது எளிதில் விலக்கும் வசதியுமேயாகும். அவ்விரண்டும் உள்ளதனைச் சகித்துக்கொள்வது முறை. இரண்டும் இல்லாததனை அகற்றுவது கடமை. அகற்றும்போது வெகுளி வேண்டியதில்லை. சடப்பொருளாகிய நிரலின்மேல் சினந்து, சுட்டியை மேசையில் ஓங்கி அடிப்பவர், ஒரு தொல்லையை நீக்கிய கையோடு புதிய வினை ஒன்றினைச் சேர்த்துக்கொள்கிறார்.

எனவே, முன்னர் எழுப்பிய வினாக்களுக்கு விடை இது: வந்தது பெரும்பாலும் நம் அசைவால், நிலைத்தது நம் வேட்கையாலும் அசட்டையாலும், பெருங்குற்றம் அனுப்பியவனுடையது, அகற்றுதல் சில மணி நேர வேலை, வாராமல் காத்தல் நாள்தோறும் செய்ய வேண்டிய ஒழுக்கம். வாசகர்கள் இன்றிரவு தங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து, அதிலுள்ள நிரல்களின் பட்டியலை ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஏற்றியது யார், எதற்காக என்று வீட்டிலுள்ள பிள்ளைகளோடு அமர்ந்து விசாரிக்க வேண்டும். விடை கிடைக்காதவற்றை நீக்கிவிட்டு, அடுத்த முறை ‘நெக்ஸ்ட்’ என்பதை அமுக்குமுன் அந்தப் பலகணியின் கடைசி வரியையும் படிக்கும் வழக்கத்தை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.